இதயக் குறையுள்ள பிள்ளைகளுக்காக ஓர் ஓட்டம்: வாசகர் கேள்வி – பதில்

பிறவியிலேயே இதயக் குறையுள்ள பிள்ளைகளுக்காக நிதி சேர்க்கும் ஓட்டம் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவற்றில் சில.

எங்கள் கழகம் 5 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று வைத்து இதயக் குறையுள்ள பிள்ளைகளுக்கு உதவ நினைக்கிறது. "அரச ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் இலவசம்தானே, பிறகு எதற்குக் காசு?" என்று ஊரில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– விளையாட்டுக் கழகச் செயலாளர், கல்லடி

கேட்பவர்கள் சொல்வதும் உண்மைதான். கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இருதய சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. குடும்பத்தை முறிப்பது அதைச் சுற்றி வரும் செலவு. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். தாய் பிள்ளையோடு வார்ட்டில் நிற்பார். தகப்பன் வெளியே எங்காவது தங்கவேண்டும். அவர் தோணிக்கோ கூலி வேலைக்கோ போகிறவர் என்றால் அந்த நாட்களுக்கு வருமானமே இல்லை. வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளை யாராவது பார்க்கவேண்டும். சத்திரசிகிச்சை முடிந்தாலும் கிளினிக் பயணம் ஆண்டுக்கணக்கில் தொடரும். பயணக் காசு இல்லாமல் ஒரு கிளினிக்கைத் தவறவிடும் குடும்பம் அடுத்ததையும் தவறவிடுவது எளிது. உங்கள் காசு போகவேண்டிய இடம் அதுதான்: பயணம், தங்குமிடம், சாப்பாடு, இழந்த நாட்கூலி.

இரண்டாவது வழி, பிறந்த குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவியை வைத்தியசாலைக்கு வாங்கிக் கொடுப்பது. உயிரோடு பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கும். அவற்றில் பாரதூரமான சில, குழந்தை வீட்டுக்குப் போகும்வரை வெளியே தெரிவதில்லை. பிறந்து 24 மணித்தியாலம் கடந்தபின் வலது கையிலும் ஒரு காலிலும் ஒட்சிசன் அளவு பார்த்தால் பலவற்றைப் பிடித்துவிடலாம். அளவு 95 வீதத்துக்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3 வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ மீண்டும் பார்ப்பார்கள். 90க்குக் கீழே என்றால் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் கடையில் விற்கும், பெரியவர் விரலில் மாட்டும் கருவியை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். பச்சைக்குழந்தையின் பாதத்தில் சுற்றும் உணரிதான் தேவை, அது தேய்ந்து பழுதாகும் பொருள். என்ன மாதிரி, எத்தனை, மேலதிக உணரிகள் எத்தனை என்று வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கடைக்குப் போங்கள். உணரி இல்லாமல் அலுமாரியில் கிடக்கும் கருவி எந்தக் குழந்தைக்கும் உதவாது.

வங்கிக் கணக்கைக் கழகத்தின் பெயரில் வைத்து இருவர் கையொப்பமிடுங்கள்; பற்றுச்சீட்டில் தொடரிலக்கம் இருக்கட்டும். ரீ-சேர்ட், மேடை, ஒலிபெருக்கிச் செலவை முதலில் அனுசரணையாளரிடம் உறுதிசெய்யுங்கள். ஒருவரிடம் 1000 ரூபாய் வாங்கி 800ஐ சேர்ட்டுக்குக் கொடுத்தால் அது சேர்ட் விற்பனைதான். காசு போதவில்லை என்றால் சேர்ட்டை விடுங்கள், ஒரு நெஞ்சிலக்கத் துண்டு போதும்.

இன்னொன்று: பிள்ளையின் படத்தைப் பதாகையில் போடாதீர்கள். தாய் தகப்பன் சம்மதித்தாலும் வேண்டாம். உதவி தேவைப்படுகிறவரால் "மாட்டேன்" என்று சொல்வது கடினம். பெண்பிள்ளை என்றால் அந்தப் படம் கலியாணப் பேச்சுவரை பின்னால் வரும்.

எந்த மாதம், எந்தப் பாதை? தூரத்தைக் கைத்தொலைபேசியில் அளந்தால் போதுமா?
– பழைய மாணவர் சங்க உறுப்பினர், களுவாஞ்சிகுடி

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று காலையிலேயே சூடேற்றிவிடும். பெப்ரவரி கடைசி, மார்ச் நல்லது. அதோடு பெப்ரவரி 14 பிறவி இதயக் குறை விழிப்புணர்வு நாளும்கூட. ஆனால் நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வருவதால் அது அந்த வாரத்தில் விழுகிறதா என்று பாருங்கள்; காத்தான்குடி, ஏறாவூர் பிள்ளைகள் ஓடமுடியாத நாளில் வைப்பது முறையல்ல. வெள்ளி வேண்டாம். ஞாயிறு காலையில் பூசைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே சனி. ஆடியில் வைத்தால் மாமாங்கத் தீர்த்தத்தை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள்.

கல்முனை – மட்டக்களப்பு பிரதான வீதியில் ஓடாதீர்கள். பஸ்ஸை நிறுத்திவைக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பொலிஸிடம் பதில் சொல்லவேண்டி வரும். வாவியோரமாகவோ கடற்கரையோரமாகவோ ஒரே வீதியில் போய்த் திரும்பும் பாதை நல்லது: கடக்கவேண்டிய சந்திகள் குறைவு, அம்புலன்ஸ் எந்த இடத்துக்கும் சுருக்காக வரும். கல்லடிப் பழைய பாலம் படத்துக்கு அழகுதான், ஆனால் ஒடுக்கமானது. முதல் கிலோமீற்றரில் அதை வைத்தால் 300 பேர் அதன் வாயில் நெரிபடுவார்கள். பொலிஸ், மாநகர சபை அல்லது பிரதேச சபை, பிரதேச செயலகம், சுகாதார வைத்திய அதிகாரி ஆகியோருக்குப் பாதை வரைபடத்தோடு இரண்டு மாதத்துக்கு முன்பே கடிதம் கொடுங்கள்.

தொலைபேசி மரநிழலிலும் வளைவிலும் பிழைக்கும். 50 மீற்றர் இரும்பு நாடாவால் நேர் வீதியில் 300 மீற்றர் அளந்து, சைக்கிளில் அதை ஓட்டிச் சில்லு எத்தனை சுற்று வருகிறது என்று நான்கு தடவை எண்ணிச் சராசரி எடுங்கள். பிறகு காற்றைக் கூட்டாமல் குறைக்காமல் அதே சைக்கிளில் பாதையை அளக்கலாம். ஓடுகிறவர் எவ்வளவு குறுக்காக ஓடமுடியுமோ அந்தக் கோட்டில், வளைவில் ஓரத்திலிருந்து 30 சென்றிமீற்றரில் ஓட்டுங்கள். நடுவீதியில் ஓட்டி அளந்தால் பாதை குறைந்துபோகும். கிலோமீற்றருக்கு 1 மீற்றர் கூட்டிவிடுங்கள்.

300 பேருக்கு எவ்வளவு தண்ணீர்?
– ஏறாவூர்

திரும்பும் இடத்தில் ஆளுக்கு ஒன்றரைக் கோப்பை, கோப்பைக்கு 150 மில்லிலீற்றர்: ஏறத்தாழ 70 லீற்றர். முடிவில் ஆளுக்கு அரை லீற்றர்: 150. இதில் ஐந்திலொன்று கூட்டினால் 264. தொண்டர் 40 பேருக்கு 40. ஆக 19 லீற்றர்க் கலன் 16. கோப்பைகளை ஓட்டம் தொடங்குமுன்னே நிரப்பி வையுங்கள். ஆட்கள் கூட்டமாக வந்தபின் நிரப்ப நேரமிராது.

எங்கள் பாடசாலை மரதனில் ஒரு மாணவன் விழுந்தான். தண்ணீர் தெளித்து ஆட்டோவில் ஏற்றினோம். என்ன செய்திருக்கவேண்டும்?
– ஆசிரியை, தம்பிலுவில்

விழுந்தவர் பேச்சுக்குப் பதில் தருகிறாரா, சரியாக மூச்சு விடுகிறாரா என்று முதலில் பாருங்கள். பதிலும் இல்லை, மூச்சும் இல்லை அல்லது விட்டுவிட்டுத் திணறல் மட்டும் என்றால் இதயம் நின்றுவிட்டது. ஆட்டோவில் ஏற்றக்கூடாது. ஒருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும்; மற்றவர் நெஞ்சின் நடுவில், பெரியவருக்கு 5 முதல் 6 சென்றிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தட்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம். நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி (AED) இருந்தால் போட்டவுடன் அதுவே பேசி வழிகாட்டும். அது தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும், அழுத்தாமல் நின்றால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைகிறது. அதனால் அதை மேடைக்குப் பின்னால் பூட்டி வைக்காமல் மோட்டார் சைக்கிளில் ஒருவர் கொண்டு சுற்றவேண்டும்.

மூச்சு இருக்கிறது, உடல் கொதிக்கிறது, பேச்சு குழம்புகிறது அல்லது முரட்டுத்தனம் என்றால் வெப்பத்தாக்கம். இங்கே ஒழுங்கு மாறும்: முதலில் குளிர்த்துதல், பிறகே கொண்டுபோதல். படங்கு ஒன்றில் கிடத்தி நாலாபக்கமும் உயர்த்திப் பிடித்து, 80 முதல் 100 லீற்றர் தண்ணீரும் ஐஸும் ஊற்றிக் கலக்குங்கள், தலை வெளியே. ஐஸுக்கு மீனுக்கு ஐஸ் கொடுக்கும் இடத்திலே முன்னாளே 30 கிலோ சொல்லி வைக்கலாம்; அது குடிக்க அல்ல. குழம்பியிருப்பவர் வாயில் தண்ணீரோ ஜீவனியோ (உப்புச் சர்க்கரைக் கரைசல்) ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போகும்.

1990 அவசரத்துக்கான பொதுச் சேவை, உங்கள் ஓட்டத்துக்குக் காவல் நிற்க அல்ல. வேறோர் அம்புலன்ஸ் முன்கூட்டியே பேசி நிறுத்துங்கள். காலை 6 மணிக்குத் தொடங்குங்கள், நடப்பவர்களும் 7.15க்குள் முடிப்பார்கள். பிரதம விருந்தினர் வரவில்லை என்று தாமதிக்கும் அரைமணித்தியாலம் முழுவதும் வெயிலில் கழியும். உரைகளை முடிவில் வையுங்கள்.

என் மகளுக்கு 9 வயது. இதயத்தின் கீழறைச் சுவரில் இருந்த ஓட்டையை 2 வயதில் அடைத்தார்கள். இந்த ஓட்டத்தில் ஓடலாமா? வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.
– தாய், கல்முனை

பயம் விளங்குகிறது. ஆனால் ஓட்டை முற்றாக அடைபட்டு, நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் இல்லாமல், துடிப்பு ஒழுங்காக இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப்போல ஓடியாடலாம். காரணமில்லாமல் உட்கார்த்தி வைப்பதும் பிள்ளையைப் பலவீனமாக்கும். முடிவு சொல்லவேண்டியவர் அவளுடைய இதய நோய் நிபுணர். அடுத்த கிளினிக்கில் "விளையாடலாமா" என்று பொதுவாகக் கேட்காமல், "5 கிலோமீற்றர், வெளியில், காலை வேளை, போட்டியாக" என்று சொல்லிக் கேட்டு, பதிலை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெருநாடி வால்வு ஒடுக்கம், துடிப்புக் கோளாறு, தடித்த இதயத்தசை உள்ள பிள்ளைகளுக்கும், இரத்தம் உறையாமலிருக்க வாபரின் மருந்து குடிப்பவர்களுக்கும், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் விதி வேறு. இவள் ஓடுகிறாளே என்று அவர்களைச் சேர்க்கவேண்டாம்.

முதல் தடவை 1 கிலோமீற்றர் நடையும் ஓட்டமுமாகப் போதும். ஓடும்போது வசனம் பேசமுடிகிறதா என்று பாருங்கள். மூச்சு அறுந்து ஒற்றைச் சொல் வந்தால் நடக்கச் சொல்லுங்கள். நெஞ்சுநோவு, தலைச்சுற்று, உதடு நீலம், மயக்கம் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். கிளினிக் அட்டையின் பிரதி, அவளோடு கூடவே போகும் பெரியவரின் பையில் இருக்கட்டும். கூட்டத்துக்குள் உங்களைத் தேடி வருவதற்குள் வைத்தியர் கேட்பது அதைத்தான்.