எடுத்த முடிவை எண்ணி மறுநாளே வருந்துகிறேன்

கேள்வி: எந்த முடிவை எடுத்தாலும், மறுநாளே 'அவசரப்பட்டுவிட்டோமோ' என்று மனம் அரிக்கிறது. இதை எப்படித் திருத்திக்கொள்வது?

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது. முதலில், முடிவு வேறு, விளைவு வேறு என்று பிரித்துப் பாருங்கள். நன்கு யோசித்து எடுத்த முடிவும் சில வேளை பிசகிப்போகும், அதற்காக யோசித்த முறையைக் குறை சொல்வது நியாயமாகாது.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1772-இல், புதிய பணியை ஏற்பதா என்று குழம்பிய அறிவியலறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், தாளின் நடுவே கோடிட்டு, ஒருபுறம் சாதகங்களையும் மறுபுறம் பாதகங்களையும் மூன்று நான்கு நாட்கள் தோன்றத் தோன்றக் குறித்து, எடையில் சமமானவற்றை இருபுறமும் அடித்துவிடும் தம் வழக்கத்தை விளக்குகிறார். இதில் நான் பெரிதாக மதிப்பது பட்டியலை அல்ல, அந்த மூன்று நான்கு நாட்களைத்தான். கோபத்தில் வலுவாகத் தெரிந்த காரணம், ஆறிய மனத்தில் பெரும்பாலும் நிற்பதில்லை.

எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடிய சிறு விஷயங்களுக்கு இவ்வளவும் வேண்டாம். பெரிய முடிவென்றால், எதை எதிர்பார்த்து அதை எடுத்தீர்கள் என்று அன்றே தேதியிட்டு இரண்டு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது, கணிப்பு எங்கே தவறியது என்பதை உங்கள் கையெழுத்தே காட்டிக்கொடுக்கும்.