முள் குழையட்டும்! முதியோர் உணவு: வாசகர் கேள்வி பதில்

ஏர்வாடி முதல் தொண்டி வரை கடலோர வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பெரியவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் எழுதியவர்களுக்குத்தான் திட்டமாகப் பதில் சொல்ல முடிந்தது. இனி எழுதுபவர்கள் அதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது. போன ஆடியில் வாசற்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பு தேய்ந்திருக்கிறது, கால்சியம் கூட்டுங்கள் என்றார் டாக்டர். பாதிப் பல் இல்லாததால் முள் குத்திவிடும் என்று பயந்து மீனையே நிறுத்திவிட்டோம். கால்சியம் மாத்திரையும் மீன் எண்ணெய் கேப்சூலும் வாங்கிக் கொடுத்தால் போதுமா?
– வாசகி, தங்கச்சிமடம்

மீனை நிறுத்தியிருக்கவே வேண்டாம். முள்ளைக் குழைய வைத்திருந்தால் போதும். மீனின் கால்சியம் சதையில் மிகக் கொஞ்சம்தான், முள்ளில்தான் இருக்கிறது. டின்னில் அடைத்து வரும், முள் வெந்து குழைந்த சாளை 100 கிராமில் ஏறத்தாழ 380 மி.கி. கால்சியம் கிடைக்கிறது. அந்தக் குழைவை வீட்டுக் குக்கரிலேயே கொண்டுவரலாம்.

அரை கிலோ பேச்சாளை வாங்குங்கள். விரலைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தால் போதும். மீன் பெருக்கப் பெருக்க முள் தடித்துவிடும். செதில், தலை, குடல் நீக்கி நன்றாக அலசுங்கள், நடுமுள்ளை எடுக்காதீர்கள். எலுமிச்சை அளவு புளியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, மஞ்சள், கொஞ்சம் மிளகு, ஒரு குண்டு மிளகாய், வழக்கத்தில் பாதி உப்பு, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் சேருங்கள். மீனைக் குக்கரில் வரிசையாக அடுக்கி அதன் மேல் இந்தக் கரைசலை ஊற்றி மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து அரை மணி நேரம் விட்டு இறக்குங்கள். ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் கொதிப்பு பொங்கி மீன் உடைந்து, முள் தனித்தனியாகச் சிதறும். அதுதான் ஆபத்து.

இறக்கியதும் ஒரு மீனின் நடுமுள்ளை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். ஈரச் சுண்ணாம்புபோல மாவாக வேண்டும். நறுக்கென்று உடைந்தால் இன்னும் வேகவில்லை. அரை டம்ளர் வெந்நீர் விட்டு மேலும் பத்து நிமிடம் வையுங்கள். புளி குறைந்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், முள்ளை இளக்குவதில் புளிப்புக்கும் பங்கு உண்டு. குழம்பிலும் கொஞ்சம் கால்சியம் கரைந்திருக்கும், அதைக் கொட்டிவிடாதீர்கள். அம்மாவின் தட்டில் வைப்பதற்கு முன் மீனை விரலால் மசித்து ஒருமுறை தடவிப் பாருங்கள். இந்த முறை சாளை, சூடை, நெத்திலிக்குத்தான். விளைமீன், ஊளி முள்ளெல்லாம் இதற்கு மசியாது.

இனி கணக்கு. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மி.கி. கால்சியம் வேண்டும். 200 மி.லி. பாலில் சுமார் 240, 30 கிராம் கேழ்வரகு மாவுக் கூழில் சுமார் 100, ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 100-க்கு மேல் கிடைக்கும். மீன் சமைக்கும் நாளில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே வந்துவிடும். மற்ற நாள்களில் விழும் பள்ளத்தை மட்டும் மாத்திரையால் நிரப்பினால் போதும். கால்சியம் கார்பனேட் என்று அட்டையில் இருந்தால் சாப்பாட்டோடு கொடுங்கள்; ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் கொடுத்தால் உடம்பு ஏற்றுக்கொள்வது குறையும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம்.

மீன் எண்ணெய் கேப்சூல் உங்கள் வீட்டுக்குத் தேவையே இல்லை. 1000 மி.கி. என்று அட்டையில் போட்டிருக்கும் சாதாரணக் கேப்சூலில் வேலை செய்யும் ஒமேகா-3 கொழுப்பு 300 மி.கி. அளவுதான். 100 கிராம் சாளையில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் குழம்பாகவே கொடுங்கள். யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் வீங்குகிறவராக இருந்தால் மட்டும் சாளையும் நெத்திலியும் ஆகாது.

கால்சியத்தோடு சேர்த்து எழுதிக் கொடுக்கும் வைட்டமின் டி கேப்சூலில்தான் பலர் தவறுகிறார்கள். 60,000 யூனிட் கேப்சூல் வாரம் ஒன்று, பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுப்பார்கள். அதை நாளுக்கு ஒன்றாகச் சாப்பிடுகிறவர்களும் உண்டு, பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டுமே ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

எங்கள் வாப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. சீனியை விட்டுவிட்டார்கள். கருப்பட்டிக் காபியும், சீசனில் பதநீரும் இயற்கைதானே, ஒன்றும் செய்யாது என்கிறார்கள். சரியா?
– வாசகர், கீழக்கரை

சரியில்லை. பனையின் மீது நமக்கெல்லாம் உள்ள பாசத்தால் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. கருப்பட்டியின் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பும் பொட்டாசியமும் கூடுதலாக இருப்பதால் ரத்தச் சர்க்கரை ஏறாமல் நிற்காது. ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. பதநீரில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். சீனிக் கணக்கில் அது நாலைந்து தேக்கரண்டி. கலயத்தில் தடவிய சுண்ணாம்பு அது புளித்துக் கள்ளாகாமல் தடுக்கிறது, சர்க்கரையைக் குறைப்பதில்லை.

வாப்பாவுக்குப் பனையிலிருந்து ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பனங்கிழங்கு கொடுங்கள். மஞ்சளும் துளி உப்பும் போட்டு நன்றாக அவித்து, தோலையும் நடுவில் உள்ள குருத்தையும் நீக்கி, நாரை உரித்து, ஒன்று மட்டும். அதிலும் மாவுச்சத்து உண்டு என்பதால் அந்த வேளைச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிடுங்கள். பல் சரியில்லாதவருக்கு அவித்த கிழங்கை நறுக்கிக் காயவைத்து இடித்த மாவில் கஞ்சி வைக்கலாம். அவிக்காத கிழங்கு மாவு வேண்டாம்.

மாமியாருக்கு மலச்சிக்கல். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறார். கடல்பாசி நல்லது என்கிறார்களே, எப்படிக் கொடுப்பது?
– வாசகி, பெரியபட்டினம்

நீங்கள் கேட்பது எந்தப் பாசி? கடைகளில் கடல்பாசி என்று வெள்ளை இழையாக விற்பது, பாசியைக் காய்ச்சி எடுத்த அகர். கடலில் பெண்கள் முங்கி எடுத்து வரும் கஞ்சிப்பாசி வேறு.

இழையாக இருப்பதில் அயோடின் மிகக் குறைவு. 10 கிராமை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஓர் இழைகூடத் தெரியாமல் கரையும்வரை காய்ச்சுங்கள். அரைகுறையாகக் கரைந்தால் ஆறிய பிறகு மேலே நீரும் அடியில் கட்டியுமாக நிற்கும். நோன்பு திறக்கும்போது வைப்பதைப்போலச் சீனி கொட்டாமல், பாதிப் பாலும் ஏலமும் போதும். சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம் குடிக்க வேண்டும். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்கு இந்தக் கட்டியே தொண்டையில் அடைக்கக்கூடும். அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

முழுப்பாசியில் கஞ்சி வைப்பது உங்கள் மாமியாருக்கு வேண்டாம். அதில் அயோடின் எவ்வளவு என்பது பாசிக்குப் பாசி, இடத்துக்கு இடம் மாறும். இன்று ஒரு அளவு, நாளை ஒரு அளவு என்று போனால் தைராய்டு ஏறி இறங்கும். டாக்டருக்கும் மாத்திரை அளவு பிடிபடாது.

மாமனாருக்கு 78 வயது, இதயம் பலவீனம், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த வெயிலிலும் தண்ணீரே குடிப்பதில்லை. நீராகாரமும் இளநீரும் தாராளமாகக் கொடுக்கலாமா?
– வாசகி, தேவிபட்டினம்

தாராளமாக வேண்டாம். வயதானால் தாக உணர்வு மங்கிவிடும். உடம்பு காய்ந்திருந்தாலும் அவர்களுக்குத் தண்ணீர் கேட்கத் தோன்றாது. அதனால் தாகத்தை நம்பாமல், அளந்து கொடுக்க வேண்டும். உங்கள் மாமனாருக்குக் கூடினாலும் ஆபத்து என்பதால் ஒரு நாளைக்கு எத்தனை மி.லி. என்று டாக்டரிடம் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். அந்த அளவைக் காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பி வையுங்கள். காபி, மோர், கஞ்சி குடித்தால் அந்த அளவுக்கு அதிலிருந்து ஊற்றிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் முடித்துவிட்டால் இரவில் சிறுநீருக்கு எழுந்து தடுமாறி விழுவது குறையும். இரவில் எழ வேண்டுமே என்ற பயத்தில்தான் பல பெரியவர்கள் தண்ணீரை ஒதுக்குகிறார்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையல்ல, நீர். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கத் தோலைக் கிள்ளிப் பார்க்கும் வழக்கம் முதியவர்களிடம் சரிவராது, தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, எழுந்தால் தலை சுற்றுவது, திடீரென்று பேச்சு குழம்புவது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

இளநீர் விஷயம் மாத்திரையின் பெயரைப் பொறுத்தது. ஒரு இளநீரில் 500 மி.கி.க்கு மேல் பொட்டாசியம் இருக்கும். நீர் பிரியும் மாத்திரைகளில் ஃபியூரோஸ்மைடு பொட்டாசியத்தை வெளியேற்றும். ஸ்பைரனோலாக்டோன் அதை உடம்பில் நிறுத்தி வைக்கும். ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற பி.பி. மாத்திரைகளும் அப்படித்தான். நிறுத்தி வைக்கும் மாத்திரையோடு தினம் இரண்டு இளநீர் சேர்ந்தால், அதுவும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சீட்டைக் காட்டிக் கேட்காமல் இளநீரைத் தொடங்காதீர்கள்.

நீராகாரத்தை அந்தப் பாட்டில் கணக்குக்குள், உப்பில்லாமல் கொடுக்கலாம். சோற்றை ஆறியதும் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மதியம் வடித்து இரவு வரை வெளியே கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவது வயிற்றுப்போக்குக்கு வழி. சித்திரை, வைகாசியில் எட்டு மணி நேரம் ஊறினாலே போதும். லேசான புளிப்பு இருக்கலாம். விரலில் பிசுபிசுத்து நூல் இழுத்தால் கொட்டிவிடுங்கள். வீட்டில் உவர்ப்புத் தண்ணீர் வந்தால் அதைச் சோறு ஊறவைக்கவும் பயன்படுத்தாதீர்கள்.

பி.பி. உள்ளவர் கருவாடு சாப்பிடலாமா? இந்துப்பு மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், ஏர்வாடி

உப்புக் கருவாட்டின் எடையில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்புதான். நாள் முழுவதற்குமான உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் எனும்போது, 50 கிராம் கருவாடே அதைத் தின்றுவிடும். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி இரண்டு தடவை அலசினால் கொஞ்சம் இறங்குமே தவிர முழுவதும் போகாது. ஆசைக்கு மாதம் ஒருமுறை, குழம்பில் வேறு உப்பே போடாமல். அடிக்கடி வேண்டுமென்றால் உப்பிடாமல் வெயிலில் உலர்ந்த நெத்திலியைக் கேட்டு வாங்குங்கள். மணல் போக நாலைந்து தண்ணீர் அலச வேண்டும்.

இந்துப்பும் சோடியம் உப்புதான். சாதாரண இந்துப்பில் அயோடின் சேர்க்கப்படுவதில்லை என்பதால் நட்டம்தான் கூடுதல்.

நாங்கள் சைவம். எனக்கு 68 வயது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்றெரிச்சலுக்குப் பான்டோபிரசோல். பாதம் மரத்துப்போகிறது. இயற்கை உணவிலேயே சரிசெய்ய வழி உண்டா?
– வாசகர், ராமேஸ்வரம்

மாத்திரையோ ஊசியோ அவசியம் வேண்டியிருக்கும் இடம் இதுதான். மரத்துப்போவதற்குச் சர்க்கரை நோயே காரணமாக இருக்கலாம். வைட்டமின் பி12 குறைவாகவும் இருக்கலாம். உங்களுக்கு அந்தக் குறைவு வர மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன: சைவ உணவு, மெட்ஃபார்மின், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. செடியில் பி12 இல்லை. ஸ்பிருலினா என்ற பாசிப்பொடியில் இருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி மனித உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். இட்லி மாவு புளிப்பதாலும் போதிய அளவு வராது. பாலிலும் தயிரிலும் உண்டு, 200 மி.லி. பாலில் ஒரு மைக்ரோகிராம் அளவுக்கு. ஆனால் வயிற்று அமிலம் குறைந்தவருக்கு அதிலிருந்து பிரித்தெடுப்பதே கடினம்.

இந்த வாரமே ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். அதுவரை ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகத் தொடங்காதீர்கள். அது ரத்தசோகையைச் சரியாக்கிக் காட்டும். நரம்புச் சேதமோ உள்ளே நடந்துகொண்டே இருக்கும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். தாமதம் ஆக ஆக நரம்பு மீள்வது குறைந்துகொண்டே போகும்.

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். முருங்கைக்கீரையும் பிரண்டையும் கொடுக்கலாமா?
– வாசகி, தொண்டி

முருங்கைக்கீரையில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரினின் வேலையை மட்டுப்படுத்தும். அதற்காகக் கீரையே கூடாது என்பதில்லை. அளவு மாறக் கூடாது, அவ்வளவுதான். வாரம் இரண்டு நாள் ஒரு கைப்பிடி என்று வழக்கமிருந்தால் மழைக்காலத்தில் கீரை தழைத்தாலும் அதே ஒரு கைப்பிடிதான். இரண்டு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் தினமும் பொரியலும் முருங்கைப்பொடியும் கொடுத்தால் ரத்தம் உறையத் தொடங்கலாம். அளவை மாற்றுவதென்றால் முன்னதாக டாக்டரிடம் சொல்லி ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்கும் தேதியை நெருக்கிக்கொள்ளுங்கள். பூண்டு கேப்சூல், மஞ்சள் கேப்சூல், மீன் எண்ணெய் எதுவும் அவருக்கு ஆகாது; அவை எதிர்ப்பக்கம் இழுத்து ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

பிரண்டையும் பச்சைதான் என்பதால் அதற்கும் இதே கட்டுப்பாடு. துவையலாக வாரம் ஒருமுறை ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவராக இருந்தால் அதுவும் வேண்டாம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, நுனியில் உள்ள இளங்கணுக்களை மட்டும் நார் உரித்து, நல்லெண்ணெயில் பச்சை நிறம் முழுக்க மாறும்வரை வதக்கிப் புளி சேர்த்து அரையுங்கள். வதக்கல் போதாவிட்டால் தொண்டை அரிக்கும்.