ரத்தத்தில் மெத்தனால் இல்லையென்றால்?

அன்புள்ள ஐயா,
2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயச் சாவுகள் நடந்தபோது, மெத்தனால் என்ற விஷ ஆல்கஹாலைக் குடித்தவர்களுக்கு டயாலிசிஸ் செய்வார்கள் என்று படித்தேன். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு எதற்கு? சிகிச்சைக்குப் பிறகு இறந்தவரின் ரத்தத்தில் மெத்தனால் கிடைக்காவிட்டால், அவர் குடிக்கவே இல்லை என்று ஆகிவிடுமா?
செ., திருக்கோவிலூர்

அன்புள்ள செ.,

ஆகாது. எப்படி என்று சொல்கிறேன்.

மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைக் கெடுப்பதும் மூச்சுத் திணற வைப்பதும் முக்கியமாக இந்த அமிலம்தான். அதனால் குடித்த அன்று சாதாரணப் போதையோடு வீட்டுக்குப் போனவர், மறுநாள் கண் மங்கி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். கூடவே எத்தனாலும், அதாவது சாதாரண மதுவில் இருக்கும் ஆல்கஹாலும், உள்ளே போயிருந்தால் கல்லீரல் அதைத்தான் முதலில் கவனிக்கும். விஷம் வேலையைத் தொடங்க இன்னும் தாமதமாகும். 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டில் காத்திருப்பது அவ்வளவு ஆபத்தானது.

சிறுநீரகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மெத்தனாலை மெதுவாகத்தான் வெளியேற்றும். மெத்தனால், ஃபார்மிக் அமிலம் இரண்டுமே மிகச் சிறிய மூலக்கூறுகள். டயாலிசிஸ் இயந்திரத்தின் சவ்வு வழியே சுலபமாக வெளியே போய்விடும்.

ஆனால் தொடர்ந்து டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இருப்பது போல, தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த ஃபிஸ்டுலா இவர்கள் கையில் இருக்காது. கழுத்துச் சிரையில் உடனே குழாய் போட வேண்டும். அப்போது அல்ட்ராசவுண்ட் பெரிய துணை. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கருப்பு வட்டங்கள் தெரியும். கருவியை லேசாக அழுத்தினால் ஒன்று நசுங்கி மறையும், அது சிரை. இன்னொன்று துடித்தபடி வட்டமாகவே நிற்கும், அது தமனி. அவ்வளவு தடித்த குழாய் தமனிக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. டயாலிசிஸ் ரத்தத்தைச் சுத்தம் செய்துவிடும். அதற்கு முன்பே மூளையில் நடந்த சேதத்தைச் சரிசெய்யாது. ஆகவே ஒருவர் நாலாம் நாள் இறந்தால், பிரேதப் பரிசோதனையில் எடுத்த ரத்தத்தில் மெத்தனால் இல்லாமலே போகலாம். ஸ்பிரிட்டே ஓர் ஆல்கஹால் என்பதால் உள்ளுறுப்புகளை அதில் போடாமல் உப்புக் கரைசலில் பத்திரப்படுத்தினாலும், ஏற்கெனவே வெளியேறிய விஷம் அங்கே இருக்கப் போவதில்லை.

டயாலிசிஸுக்கு முன், சேர்த்தவுடன் எடுத்த முதல் ரத்தம்தான் அசல் சாட்சி. வழக்கமான பரிசோதனை முடிந்ததும் அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரு குடும்பத்துக்கு நியாயம் கிடைப்பதும் கிடைக்காததும் அதில் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்த யாரையாவது இப்படிச் சேர்க்க நேர்ந்தால், அந்த ரத்தத்தில் ஒரு பங்கை, அது கெடாமல் காக்கும் சோடியம் ஃப்ளூரைடு கலந்த குழாயில் எடுத்து, நேரம் குறித்து, சீல் வைக்கும்படி மருத்துவரிடம் அப்போதே கேளுங்கள்.