முதல் ஃபிக்ஸட் கியர் சைக்கிள்: 400 வெள்ளிக்குள் என்ன வாங்கலாம்?

கையில் 400 வெள்ளிக்குள் வைத்துக்கொண்டு ஃபிக்ஸட் கியர் தேடுபவர்கள் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் ஓட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் சிங்கப்பூரில்தான், ஆகவே கணக்கெல்லாம் இந்த ஊர்க் கணக்கு. இன்னொன்று: இந்த சைக்கிளில் பின்சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், காலைச் சும்மா வைக்க முடியாது. இது தெரியாமலே வாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் இரண்டு பேர்.

தெம்பனிஸ் வாசகர்: 350 வெள்ளி இருக்கிறது அண்ணா. பழசு வாங்கலாமா? எதைப் பார்க்கணும்?

தாராளமாகப் பழசு வாங்கலாம். பெயின்டையும் கலர் ரிம்மையும் கடைசியில் பாருங்கள், முதலில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்காருங்கள்.

ஹப் என்பது சக்கரத்தின் நடுக்குடம். சரியான ஹப் என்றால் ஃபிக்ஸட் பக்கத்தில் இரண்டு மரை இருக்கும். உள்ளே இருக்கும் பெரிய மரையில் பல்சக்கரம் ஏறும். அதற்கு வெளியே சற்றுச் சிறிய மரை, அது எதிர்த் திசையில் வெட்டியது. அதில்தான் பல்சக்கரத்தைப் பிடித்து வைக்கும் வளையமான லாக்ரிங் ஏறும். வேகத்தைக் குறைக்க நீங்கள் காலைப் பின்னுக்கு அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். அது கழலத் திரும்பினால் லாக்ரிங் இறுகும். மொத்த விஷயமும் இந்த எதிர்மரையில்தான் இருக்கிறது.

நான் முதலில் வாங்கிய பழைய சைக்கிளில் லாக்ரிங்கே இல்லை. விற்ற ஆள் பசை போட்டு ஒட்டியிருந்தார். மூன்றாம் நாள் மேம்பால இறக்கத்தில் காலைப் பின்னுக்கு அழுத்தினேன், ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் கால் சும்மா சுற்றியது. முன்பிரேக் இருந்ததால் இன்று பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது செயின். நடுவில் விரலால் தூக்கினால் ஒரு சென்டிமீட்டர் அளவு ஆட வேண்டும். பெடலை முழுச் சுற்று சுற்றி எல்லா இடத்திலும் பாருங்கள். மலிவான செயின்ரிங் (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்) சரியான வட்டமாக இருக்காது, ஓரிடத்தில் தளர்ந்தும் இன்னோரிடத்தில் விறைத்தும் இருக்கும். அப்புறம் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தலையில் பிரேக் மாட்ட ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஓட்டை இல்லையென்றால் அந்த சைக்கிள் உங்களுக்கானது அல்ல.

ஃபிரேம் ஹை-டென் என்கிற சாதாரண எஃகாக இருந்தாலும் பரவாயில்லை. முழு சைக்கிள் 11, 12 கிலோ வரும். 4130 குரோமோலி என்கிற உயர்ரக எஃகு கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் அழ வேண்டாம். மிச்சப் பணத்தில் காலைப் பெடலோடு பிடித்து வைக்கும் நல்ல ஸ்ட்ராப் வாங்குங்கள். ஸ்ட்ராப் இல்லாமல் காலைப் பின்னுக்கு இழுக்க முடியாது.

ஈசூன்: பிரேக் இல்லாமல் ஓட்டலாமா?

கூடாது. பொதுப் பாதையில் குறைந்தது ஒரு கைபிரேக் வேண்டும் என்று 2021இலேயே சட்டம் வந்துவிட்டது.

ஜொகூர் பாரு: 48/16 மாட்டிய சைக்கிள் வருகிறது. பின் டயர் ஒரே இடத்தில் தேய்கிறது என்கிறார்கள், உண்மையா?

உண்மைதான். இப்படிக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

காலை இறுக்கிப் பின்சக்கரத்தைச் சுற்றவிடாமல் சறுக்கும்போது பெடல் பெரும்பாலும் ஒரே நிலையில்தான் இருக்கும். 48/16 என்றால் முன்னால் 48 பல், பின்னால் 16. 48ஐ 16ஆல் வகுத்தால் சரியாக 3. ஒரு பெடல் சுற்றுக்குச் சக்கரம் மூன்று முழுச் சுற்று. அதனால் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் தரையில் உரசும், சில வாரத்திலேயே அங்கே நூல் தெரியும். 46/16ஐச் சுருக்கினால் 23/8, தேய்மானம் எட்டு இடமாகப் பிரியும். 48ஐ அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் 17 பல் மாட்டினால் சுருக்கவே முடியாது, 17 இடம்! ஒரு பல்சக்கரத்தின் விலையில் எத்தனையோ டயரைக் காப்பாற்றலாம்.

பழகுபவருக்கு 46/16 போதும். ஒரு பெடல் சுற்றுக்கு ஏறக்குறைய 6 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தாலே 25 கிலோமீட்டர் வேகம். இங்கே சைக்கிள் பாதையில் அதற்கு மேல் போகவும் கூடாது.

பிடோக்: எந்த பிராண்டு பெஸ்ட்?

முதல் பதிலைப் படியுங்கள்.

சென்னை, பெரம்பூர்: தாத்தாவின் கறுப்பு சைக்கிள் இருக்கு. ஃப்ரீவீலை வெல்டிங் வெச்சா ஃபிக்ஸட் ஆயிடும்னு மெக்கானிக் சொல்றார்.

ஆகும், நீங்கள் பின்னுக்கு அழுத்தும் வரை. ஃப்ரீவீல் என்பது மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் பல்சக்கரம். வெல்டிங் வைத்தாலும் அது ஏறியிருப்பது சாதாரண மரையில், லாக்ரிங்குக்கு இடமே கிடையாது. மேலே சொன்ன மேம்பாலக் கதைதான் நடக்கும். ஃபிக்ஸட் ஹப் வாங்கலாம் என்றால் அதில் வருவது 32 அல்லது 36 கம்பித் துளை. தாத்தா சைக்கிளின் பின் ரிம்மில் 40. ஆக ரிம்மும் மாற வேண்டும். நீளக் கம்பியால் இழுக்கும் அந்தப் பழைய பிரேக் ரிம்மின் உள்பக்கத்தில் பிடிப்பது, புது ரிம்முக்கு அதுவும் ஒத்துவராது. செயின் மட்டும்தான் இரண்டுக்கும் ஒரே அகலம். செயினுக்காக ஒரு நல்ல சைக்கிளைக் கெடுக்க வேண்டாம்.

உட்லண்ட்ஸ்: பிரேக்கைக் கழற்றினால் பார்க்க அழகாக இருக்கும் இல்லையா?

ஈசூன்காரருக்குச் சொன்னதுதான்.

கேலாங்: எட்டு வருஷமாகப் பிரேக் இல்லாமல் ஓட்டுகிறேன். கால்தான் பிரேக். வெலோட்ரோமில் யார் பிரேக் வைத்து ஓட்டுகிறார்கள்? சும்மா பயமுறுத்தாதீர்கள்.

வெலோட்ரோம் என்பது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய தடம். அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், யாரிடமும் பிரேக் இல்லாததால் யாரும் திடீரென்று நிற்கவும் மாட்டார்கள். அங்கே அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தை உண்டா?

கணக்காகவே பேசுவோம். வேகம் குறையும்போது எடை முன்னால் சாயும், பின் டயருக்குத் தரையில் பிடி குறையும். உங்கள் கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் டயர் வழுக்கத்தான் செய்யும். 25 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த தரையில், பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் நிற்க ஏறக்குறைய 10 மீட்டர். முன்பிரேக் இருந்தால் அதில் பாதி. மழை நாளைச் சொல்லவே வேண்டாம். பிரிட்டனில் ஃபிக்ஸட் பின்சக்கரத்தையே ஒரு பிரேக்காகச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அங்கேயும் முன்பிரேக் கட்டாயம்.

மீண்டும் கேலாங்: முன்பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம்.

ஒரேயடியாகப் பிடித்தால் விழலாம். பின்பக்கம் நகர்ந்து, கையை விறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். எட்டு வருஷத்தில் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

ஹவ்காங்: இருவரில் யார் சொல்வது சரி?

நான் சொல்வது.

செங்காங், ஒரு அம்மா: 14 வயது மகன் அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?

தரலாம் அக்கா. ஃபிளிப்-ஃபிளாப் ஹப் உள்ளதாகப் பாருங்கள். ஒரு பக்கம் ஃப்ரீவீல், மறுபக்கம் ஃபிக்ஸட், சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் மாறிவிடும். முன், பின் இரண்டு பிரேக்கோடு சில மாதம் ஃப்ரீவீலில் ஓட்டட்டும். ஃபிக்ஸடுக்கு மாறும் நாளில் ஷூ லேசை உள்ளே செருகச் சொல்லுங்கள். பெடல் நிற்காது என்பதால், லேஸ் செயினில் மாட்டினால் காலும் சேர்ந்து போகும். வளைவில் சாயும்போது பெடல் தரையில் இடிக்கும் ஆபத்தும் உண்டு, பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்க், 165 மில்லிமீட்டர் என்றால் அது குறையும்.

சுவா சூ காங்: மோட்டார் மாட்டலாமா?

எனக்குத் தெரிந்த துறை இல்லை.

புக்கிட் பாத்தோக்: பிரேக் இல்லாமல், ஆனால் மெதுவாக மட்டும்...

இல்லை.

மீண்டும் தெம்பனிஸ் வாசகர்: அண்ணா, இப்போ சைக்கிள் முன்னாடிதான் நிற்கிறேன். லாக்ரிங் இருக்கு, செயினும் சரி. ஃபோர்க்கில் ஓட்டை மட்டும் இல்லை. 280க்குத் தருகிறார். அவரே ஓட்டை போட்டுத் தருவாராம்.

ஃபோர்க்கில் டிரில்லிங்கா? விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள் தம்பி.