மின்னணுப் பட்டறை – வாசகர் கேள்வி பதில்: செய்ததை எழுதி வைப்பது எப்படி?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தண்டையார்பேட்டையில் வசிக்கும் பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவன். மெட்ரோ தண்ணீர் வரும் நாட்களில் சம்ப் (நிலத்தடித் தொட்டி) எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்க அம்மா விடியற்காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார். அதற்காக, ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு தொலைவை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரையும், வைஃபை உள்ள சிறு கணினிப் பலகையான நோட்எம்சியு போர்டையும் கொண்டு, தண்ணீர் மட்டத்தைக் கைபேசியில் காட்டும் கருவி ஒன்றைச் செய்தேன். படங்களையும் நிரலையும் மின்னணு ஆர்வலர்களின் இணையக் குழுவில் பகிர்ந்தேன். அதைப் பார்த்துச் செய்தவர்களில் ஒருவருடைய போர்டு முதல் நாளே பழுதானது. இன்னொருவருக்குத் தொட்டி நிறையும்போது மட்டும் அளவு தாறுமாறாக வருகிறதாம். என் வீட்டில் மூன்று மாதமாக ஒழுங்காக ஓடுகிறது. நான் எதை விட்டுவிட்டேன்? (பகிர்ந்தவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.)

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் நிரலையும் வரி வரியாகப் பார்த்தேன். கருவியில் குறை இல்லை. அதைப் பற்றி எழுதியதில்தான் இருக்கிறது. மூன்றாவது படத்தில், சென்சாரின் எக்கோ முனையிலிருந்து (எதிரொலி வந்ததைப் போர்டுக்குச் சொல்லும் முனை) வரும் வயரின் வழியில் இரண்டு ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) இருப்பதை உருப்பெருக்கிப் பார்த்த பிறகே கண்டேன்; ஜம்பர் வயர்களின் கட்டு அவற்றைப் பாதி மறைத்திருக்கிறது. உங்கள் எச்.சி.-எஸ்.ஆர்.04 (HC-SR04) அல்ட்ராசோனிக் சென்சார் 5 வோல்ட்டில் இயங்குவது. அதன் எக்கோ முனையும் 5 வோல்ட்டைத்தான் திருப்பித் தரும். நோட்எம்சியுவில் உள்ள இஎஸ்பி8266 சிப்பின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கு ஏற்றவை. நீங்கள் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைத்து அந்த 5 வோல்ட்டை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்திருக்கிறீர்கள். அது மிகச் சரி. ஆனால் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. படத்தை மட்டும் பார்த்துச் செய்தவர் எக்கோ வயரை நேரே போர்டில் செருகியிருந்தால், அவர் மீது என்ன தவறு?

ஆகவே முதலில் ஒரு சுற்றுப்படம் வரையுங்கள். புகைப்படம் கருவி எப்படி இருக்கிறது என்று காட்டும். எது எதோடு சேர்கிறது என்று சுற்றுப்படம்தான் சொல்லும். 1992இல் தொடங்கப்பட்ட கைகாட் என்னும் இலவச மென்பொருள் இதற்கு நன்றாக உதவும் என்றாலும், உங்கள் அளவுள்ள சுற்றுக்குக் கோடு போட்ட தாளும் பேனாவுமே போதும். தெளிவாக வரைந்து, வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முனைகளின் பெயர்களில் கவனம் வேண்டும். உங்கள் போர்டில் டி5 என்று அச்சாகியிருக்கும் முனைக்கு நிரலில் 14 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியும், புதிதாக வருகிறவர் 14 என்ற எண்ணைப் போர்டு முழுவதும் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்தது, நிரலில் காரணம் சொல்லாமல் விட்ட எண்கள். எதிரொலி திரும்பி வர எடுத்த மைக்ரோ விநாடிகளை 58ஆல் வகுத்துச் சென்டிமீட்டர் கண்டிருக்கிறீர்கள். இந்த 58 எங்கிருந்து வந்தது? காற்றின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு சென்டிமீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்பி வர அதற்கு ஏறத்தாழ 58 மைக்ரோ விநாடி ஆகிறது. நம் ஊர்ச் சம்ப்பில் 20 டிகிரியை எப்போது பார்க்கப் போகிறோம்? 30 டிகிரியில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 349 மீட்டர். அப்போது 150 சென்டிமீட்டர் ஆழத்தை உங்கள் கருவி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறைத்துச் சொல்லும். தொட்டிக்கு இது பெரிய பிழை இல்லை. ஆனால் காரணத்தை எழுதி வைத்தால், இதே நிரலை வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறவர் எதை மாற்ற வேண்டும் என்று அறிவார். எழுதாவிட்டால் 58ஐ வேதவாக்காக எடுத்துக்கொண்டு போவார்.

தொட்டி நிறையும்போது அளவு தவறுவதாகச் சொன்னவரிடம், அவர் வாங்கியது எந்தச் சென்சார் என்று கேளுங்கள். ஈரத்துக்குப் பயந்து, நீண்ட வயரும் ஒற்றைக் கண்ணும் உள்ள நீர்புகாச் சென்சாரை அவர் வாங்கியிருக்கக்கூடும். உங்களுடையது 2 சென்டிமீட்டரிலிருந்து அளக்கும். நீர்புகா வகையோ ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்கு உள்ளே இருப்பதைச் சரியாக அளக்காது. தண்ணீர் மூடியை நெருங்கும்போதுதான் அவருக்குக் கோளாறு வருகிறது என்பதோடு இது பொருந்துகிறது. பாகங்களின் பட்டியலில் "சென்சார் – 1" என்று எழுதியது போதவில்லை என்பது இதிலிருந்து தெரியும். ரிச்சி தெருவில் கடைக்காரரிடம் அந்தப் பட்டியலை நீட்டினால், அவர் திருப்பிக் கேட்காமல் எடுத்துத் தரும் அளவுக்கு எழுத வேண்டும்: முழுப் பெயர், மதிப்பு, எத்தனை, மாற்றாக எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது.

இந்தக் கடைசிச் செய்தியை நான் பட்டுத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் வியாசர்பாடியில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை இயக்கும் டைமர் சுற்றை எழுதிக் கொடுத்தேன். நான் பிசி547 டிரான்சிஸ்டரை வைத்துச் செய்தது அது; தாளில் "சிறிய என்பிஎன் டிரான்சிஸ்டர் எதுவும்" என்று எழுதிவிட்டேன். அவனுக்குக் கிடைத்தது 2என்3904. தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் பிசி547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று கால்கள் இருக்கும்; 2என்3904இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். என் படத்தில் இருந்த திசையிலேயே அவன் செருகினான், ரிலே இழுக்கவில்லை. தனக்குச் சால்டரிங் வரவில்லை என்று நினைத்து அந்தப் பையன் பல மாதங்கள் இரும்பையே தொடவில்லை. கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. இன்றும் பாகப் பட்டியல் எழுதும்போது அவன் முகம்தான் முன்னே வருகிறது.

இன்னும் ஒன்று, உடனே செய்யுங்கள்: நீங்கள் பகிர்ந்த நிரலில் உங்கள் வீட்டு வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கின்றன. நிரலிலிருந்து அவற்றை எடுத்துவிடுவதோடு, வைஃபையின் கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.

எல்லாம் எழுதிய பிறகு, மின்னணுவியல் ஓரளவு தெரிந்த நண்பர் ஒருவரிடம் அந்தத் தாளையும் பாகங்களையும் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கி உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அங்கே ஒரு வாக்கியம் குறைகிறது.

கேள்வி: ஐயா, பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். மேல்தொட்டி காலியானால் மோட்டாரைத் தானாகப் போடும் கருவி செய்துள்ளேன். நீல நிற ரிலே மாட்யூல் வழியாக ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இயக்குகிறேன். இதைப் பகிரலாமா?

பதில்: இப்போது இருக்கும் நிலையில் பகிர வேண்டாம், நீங்களும் நிறுத்திவையுங்கள். அந்த ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சாகியிருப்பதை நம்பியிருப்பீர்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் அது ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ரிலேயின் உள்ளே உள்ள முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், நிரல் நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. ரிலே, கான்டாக்டர் எனப்படும் கனமான சுவிட்சின் சுருளை மட்டும் இயக்கட்டும். கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். 230 வோல்ட் பகுதியைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு மூடிய பெட்டிக்குள் அமைத்து, எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்சிசிபியும் இருப்பதை உறுதி செய்யுங்கள். பிறகு பகிரும்போது, எச்சரிக்கையைக் கட்டுரையின் கடைசியில் வைக்காமல் முதல் படத்துக்கு முன்னால் வையுங்கள். படத்தை மட்டும் பார்த்து வேலையைத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு. மொட்டை மாடியில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் கருவி ஒன்றை வைத்தேன். ஏறத்தாழ ஐம்பது நாட்களில் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. அணைத்துப் போட்டால் மீண்டும் ஓடியது. நான்காவது மாதத்தில் ஜம்பர் வயர்களின் முனைகளெல்லாம் பச்சை பிடித்து முற்றிலும் நின்றுபோனது. தோற்றுப்போனதை எழுதுவதால் யாருக்கு என்ன பயன் என்று விட்டுவிட்டேன். நிரலின் முக்கிய வரிகளை அனுப்பியுள்ளேன்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் இரண்டு முறை படித்தேன். ஐம்பது நாட்கள் என்று நீங்கள் குறித்து வைத்ததே பாதி விடை. நிரலில், கருவி தொடங்கியதிலிருந்து மில்லி விநாடிகளை எண்ணும் மில்லிஸ் என்ற எண் 32 பிட் கொண்டது. 49 நாட்களும் 17 மணி நேரமும் ஆனதும் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். "இப்போதைய நேரம் அடுத்த பதிவு நேரத்தைவிடப் பெரிதா" என்று நீங்கள் ஒப்பிட்டிருப்பதால், எண் பூஜ்யமானதும் அந்த நிபந்தனை நிறைவேறவே இல்லை. இப்போதைய நேரத்திலிருந்து முந்தைய பதிவு நேரத்தைக் கழித்து, வரும் வித்தியாசத்தை இடைவெளியோடு ஒப்பிடுங்கள். அப்போது இந்தத் தொல்லை இராது. மேசை மேல் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துப் பகிர்கிறவர்களுக்கு இப்படி ஒரு கோளாறு இருப்பதே தெரிய வராது. நீங்கள் ஓடவிட்டதால் தெரிந்தது.

பச்சை பிடித்தது உப்புக்காற்றின் வேலை. செருகும் முனைகளைத் தவிர்த்து நேரே சால்டர் செய்து, சோதித்த பின் போர்டின் மேல் மின்கடத்தா வார்னிஷ் பூசி, கீழ்ப்பக்கமாக வயர் நுழையும் பெட்டியில் வைக்க வேண்டும். ஆனால் ஈரப்பதச் சென்சாரின் வாயில் வார்னிஷ் படக் கூடாது. எண்ணூரிலிருந்து காசிமேடு வரை மொட்டை மாடியில் எதையாவது வைக்க நினைக்கும் எவருக்கும், உள்நாட்டில் இருந்துகொண்டு எழுதுகிறவரின் வெற்றியைவிட உங்கள் நான்கு மாதக் குறிப்பு அதிகம் உதவும். பச்சை பிடித்த முனைகளைச் சுத்தம் செய்வதற்கு முன் அருகிலிருந்து படம் எடுத்துவிடுங்கள். எப்போது எழுதுவது என்றும் பலர் கேட்கிறார்கள். முடிந்த பிறகு எழுதலாம் என்று வைத்தால் எதையெல்லாம் முயன்று கைவிட்டோம் என்பது மறந்துபோகும். தேதி, என்ன மாற்றினேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று அன்றன்றே நோட்டில் நான்கு வரி எழுதினால், பகிரும் கட்டுரையில் பாதி அதிலேயே இருக்கும்.

கேள்வி: ராயபுரத்திலிருந்து. வேறொருவர் எழுதிய நிரலில் பாதியை எடுத்துத்தான் என் கருவியைச் செய்தேன். நன்றி சொன்னால் போதுமா?

பதில்: நன்றி சொல்ல வேண்டியதுதான், ஆனால் அது அனுமதி ஆகாது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. உரிமம் எதுவும் குறிப்பிடாமல் வைத்திருக்கும் நிரல் எழுதியவருக்கே சொந்தம். அப்படியிருந்தால் அவருக்கு எழுதிக் கேளுங்கள். எம்ஐடி (MIT) என்னும் கட்டற்ற உரிமம் இருந்தால், அவருடைய பதிப்புரிமைக் குறிப்பையும் உரிமத்தையும் அகற்றாமல் உங்கள் நிரலோடு வைத்துப் பகிரலாம். ஜிபிஎல் (GPL) என்னும் உரிமம் என்றால், நீங்கள் மாற்றிப் பகிர்வதையும் அதே உரிமத்தில் மூல நிரலோடு தர வேண்டும். எந்தப் பகுதி அவருடையது, எதை நீங்கள் மாற்றினீர்கள் என்று தனித்தனியே எழுதுங்கள். பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பதும் அதில்தான் தெரியும். உங்கள் பகுதிக்கும் ஓர் உரிமம் போட மறக்காதீர்கள்.

கேள்வி: கொடுங்கையூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் மாணவிகள் செய்த சிறு கருவிகளைப் பற்றி அவர்களையே எழுதச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பு என்று வீட்டில் சொல்கிறார்களாம். தமிழில் எழுதினால் மின்தடை என்பதா, ரெசிஸ்டர் என்பதா?

பதில்: தமிழிலேயே எழுதட்டும். தான் ஏன் இப்படிச் செய்தேன் என்பதை ஒரு சிறுமி தன் மொழியில்தான் முழுமையாகச் சொல்வாள். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், தெரிந்த சொற்களுக்குள் அடங்கும் அளவுக்குக் காரணத்தைச் சுருக்கிவிடுவாள். பிறகு வேண்டுமானால் ஆங்கிலத்திலும் எழுதலாம். சொற்களைப் பொறுத்தவரை, பாடநூலில் மின்தடை, மின்தேக்கி என்று படிக்கிறார்கள். கடையில் ரெசிஸ்டர், கபாசிட்டர் என்று கேட்டு வாங்குகிறார்கள். முதல் முறை வரும்போது இரண்டையும் சேர்த்து எழுதி, பிறகு ஒன்றையே கடைசி வரை பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் கடைச் சொல்லையே தேர்வேன். பாகத்தின் மேல் அச்சாகியிருக்கும் எண்ணை மட்டும் மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். 104 என்று அச்சிட்ட செராமிக் கபாசிட்டரை "0.1 மைக்ரோ ஃபாரட்" என்று மட்டும் எழுதினால், கையில் வைத்திருக்கும் குழந்தைக்கு அதுதான் இது என்று தெரியாது, இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

மாணவிகள் கையால் வரைந்த சுற்றுப்படங்களை எனக்கு அனுப்புங்கள். சரிபார்த்து, திருத்தம் இருந்தால் குறித்து, அடுத்த இதழுக்குள் திருப்பி அனுப்புகிறேன்.