மரத்தில் தூண்டில் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) செய்ய எந்த மரம் நல்லது? பால்சா என்ற மிக லேசான மரம் கிடைக்கவில்லை, வீட்டில் கிடக்கும் தேக்குத் துண்டில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எந்த லூருக்கு என்பதுதான் கேள்வி. முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கு இழுக்கும், முன்னால் லிப் (நீர் மோதும் சின்னத் தகடு) வைத்த சின்ன லூர் என்றால் தேக்கு வேண்டாம். பாறையில் நின்று பாரை மீனுக்கு வீசும் பெரிய பென்சில், பாப்பர் (இரண்டும் லிப் இல்லாத லூர் வகைகள்) என்றால் அந்தத் துண்டுகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

"நல்ல மரம் எது" என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது மரத்தின் எடை. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 9 சென்டிமீட்டர் நீள லூரின் உடல் ஏறக்குறைய 12 கன சென்டிமீட்டர் என்று வையுங்கள். அது முழுதாக முங்கினால் 12 கிராம் நீரை விலக்கும். பால்சா என்றால் உடல் எடை 2 கிராமுக்குள் முடிந்துவிடும், மிச்சம் 10 கிராம் மிதப்பு உங்கள் கையில் இருக்கிறது. நீரின் அடர்த்தி 1 என்றால் தேக்கின் அடர்த்தி 0.65 அளவில் இருக்கும், அதாவது மரமே 8 கிராமை நெருங்கிவிடும், மிச்சம் 4 கிராம்தான். இரண்டு ட்ரெபிள் ஹூக் (மூன்று முனைக் கொக்கி), வளையங்கள், கம்பி, லிப், மேல் பூச்சு இவ்வளவும் சேர்ந்தால் அந்த 4 கிராமும் போய்விடும், வயிற்றில் ஈயம் வைக்க இடமே இருக்காது. ஈயம் இல்லாமல் ஆட்டம் இல்லை. மேலே லேசான மரம், கீழே ஈயம் என்று இருந்தால்தான் லிப்பில் நீர் மோதி ஒரு பக்கம் சாயும் லூர் உடனே நிமிர்ந்து மறுபக்கம் போகும், அந்தத் துடிப்புதான் அடிபட்ட குட்டி மீனைப் போலத் தெரிகிறது. பின்லாந்தின் லாரி ராப்பாலா 1936-இல் தன் முதல் லூரைத் தக்கையில் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த தாளை ஒட்டிச் செய்தார், பின்னால் பால்சாவுக்குப் போனார். இரண்டுமே ரொம்ப லேசானவை என்பது தற்செயல் இல்லை.

சரி, பால்சா இல்லாமல் என்ன செய்வது? என் பதில் குமிழ். மரக்கடைகளில் குமிழ் தேக்கு என்று விற்பார்கள், பெயரைப் பார்த்துத் தேக்கு என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு மரம், எடையும் கணிசமாகக் குறைவு. அடர்த்தி 0.45 பக்கம் என்றால் நம் கணக்கில் உடல் ஐந்தரை கிராம்தான், 2 கிராம் ஈயம் தாராளமாக வைக்கலாம். கத்திக்கு இணங்கும், காய்ந்த பிறகு அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது, உப்புத்தாள் போட்டால் வழவழவென்று வரும். பால்சாவைப் போல விரல் நகம் பட்டாலே பள்ளம் விழாது, சீலாவின் பல்லுக்கு இது முக்கியம். புதிதாகத் தொடங்கும் யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு நான் இதைத்தான் சொல்வேன்.

இதைவிட லேசாக வேண்டும் என்றால் கல்யாண முருங்கை, முள்ளிலவு, கட்டுமரத்துக்குப் பயன்படுத்திய அல்பீசியா எல்லாம் இருக்கின்றன. நம் கடற்கரையில் ஒருகாலத்தில் எத்தனை கட்டுமரம் கிடந்தது, அவ்வளவும் மிதக்கும் மரத்தைப் பார்த்துப் பொறுக்கிச் செய்தவை. இந்த லேசான மரங்களில் தொல்லை என்னவென்றால், வெட்டிய உடனே அறுத்துக் காய வைக்காவிட்டால் பூஞ்சையால் நீலம் பாயும், வண்டு துளைக்கும். ஹூக் மாட்டும் திருகாணியும் பிடிக்காது, மீன் ஒரு உலுக்கு உலுக்கினால் பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே இதில் செய்தால் வயிற்றில் நீளமாக அறுத்து, மூக்கிலிருந்து வால் வரை ஒரே துருப்பிடிக்காத கம்பியை ஓட்டி, எபாக்சி பசை வைத்து அடைத்துவிடுங்கள். பாரைக்குப் போகும் லூர் என்றால் எந்த மரமானாலும் இந்தக் கம்பி வேண்டும், இதில் சமரசமே கூடாது.

பேக்கிங் பெட்டி பைன் மரமும் பழக நல்லது, சும்மா கிடைக்கும். கணு இல்லாத துண்டாக எடுங்கள், 'எம்பி' முத்திரை குத்திய பலகையைத் தொடாதீர்கள், அது மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம். 'எச்டி' என்றால் சூடு மட்டும் காட்டியது. சவுக்கு வேண்டவே வேண்டாம், கனமும் அதிகம், வெடிக்கவும் செய்யும்.

கையில் கிடைத்த மரம் எது என்றே தெரியாவிட்டாலும் கவலை இல்லை. ஒரே தடிமனில் ஒரு குச்சி சீவி, அதைப் பத்துச் சமபாகமாகக் கோடு போட்டு, குறுகலான உயரப் பாத்திரத்தில் நீர் நிரப்பி நிமிர்த்தி விடுங்கள். நாலு கோடு முங்கினால் அடர்த்தி 0.4, ஆறு முங்கினால் 0.6. ஆனால் மரம் காய்ந்திருக்க வேண்டும், ஈர மரம் பொய் சொல்லும். சமையலறைத் தராசில் வாரா வாரம் நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்ற பிறகுதான் செதுக்க உட்கார வேண்டும்.

அப்புறம் ரேகை. தலையிலிருந்து வாலுக்கு நேராக ஓட வேண்டும், மரத்தின் நடுத்தண்டு உள்ளே வரக் கூடாது, ஒரு பக்கம் வைரம் (கெட்டியான உள்மரம்) மறுபக்கம் வெள்ளை (வெளிமரம்) என்று இருக்கவும் கூடாது. அப்படி இருந்தால் கனமான பக்கம் சாய்ந்தே ஓடும், லிப்பை எவ்வளவு திருகினாலும் நேராகாது. பலர் லிப்பைக் குறை சொல்லும் இடத்தில் பாதி நேரம் குற்றம் மரத்தில் இருக்கும்.

உங்கள் தேக்குக்கு வருகிறேன். பழைய நிலை, கதவிலிருந்து வந்த துண்டு என்றால் இன்னும் நல்லது, நன்றாக ஆறிய மரம். 14, 15 சென்டிமீட்டரில் பென்சில் செய்யுங்கள், உடலே கனம் என்பதால் எதிர்க்காற்றிலும் தூரம் போகும், ஈயத்தை வால் பக்கம் கொஞ்சம் வைத்தால் போதும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, பூச்சு உரியும், அதனால் சாண்டிங் சீலர் என்ற அடிப்பூச்சு அடிக்கும் முன் அசிட்டோன் நனைத்த துணியால் நன்றாகத் துடையுங்கள். தூசு மூக்கை அரிக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஈயத்தை ஒட்டும் முன் பக்கெட்டில் விட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா, கடலுக்கான லூர் என்றால் லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கரைத்துவிட்டுப் பாருங்கள், நல்ல தண்ணீரில் பார்த்தால் கடலில் எதிர்பார்த்ததைவிட மேலே மிதக்கும்.