கேளுங்க அக்கா: ஒரு பீஸ் கறைக்கு லாட்டையே தூக்கிப் போடறதா?

அக்கா, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன், வயசு 34, எடை 78 கிலோ. பொங்க நோம்பி முடிஞ்சதும் எடையைக் குறைக்கோணும்னு வைராக்கியமா ஆரம்பிச்சேன், மொத மாசம் 4 கிலோ போச்சு, பாக்கறவங்கெல்லாம் கேட்டாங்க. ரெண்டாவது மாசம் ஒரு கிலோ கூட முழுசா குறையல. சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வர்றப்ப புள்ளைங்களுக்குன்னு புரோட்டா பார்சல் வாங்குவேன், நானும் ரெண்டு தின்னுபோட்டு, இனி என்ன, கெட்டது கெட்டாச்சுன்னு ஞாயித்துக்கிழமை கறிசோறும் தின்னுட்டு திங்கக்கிழமையிலிருந்து பாத்துக்கலாம்னு விட்ருவேன். இப்படியே எத்தனையோ திங்கக்கிழமை போயிருச்சுங்க்கா. மனசை எப்படி கட்டுப்படுத்தறது?
– ஒரு வாசகி, திருப்பூர்

அம்மிணி, மனசை கட்டுப்படுத்தற வேலையே வேண்டாம், அது யாரு பேச்சையும் கேக்காது. தெனமும் ஆர்வம் வந்தா கம்பெனிக்கு போறீங்க? வேன் வந்து ஹாரன் அடிக்குது, ஏறிடறீங்க, அவ்வளவுதான். நடக்கறதுக்கும் அப்படி ஒரு ஹாரன் இருந்தாப் போதும். பக்கத்து வீட்டுக்காரங்க யாரையாச்சும் சேத்துக்கிட்டு வெடியால கதவை தட்டச் சொல்லுங்க. ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு ரவைக்கு எட்டரைக்கு வர்றவங்களை அதுக்கு மேல நடங்கன்னு சொன்னா எனக்கே பாவம்தான், அதனால மத்தியானம் சோறு உண்ட பின்னாடி பத்து நிமிசம் காம்பவுண்டுக்குள்ளயே நடங்க, பழமை பேசிக்கிட்டே நடந்தாலும் கணக்குதான்.

4 கிலோ விசயத்துக்கு வர்றேன். அதுல ஒரு பங்கு தண்ணியா இருந்திருக்கும். சோத்தையும் டிபனையும் குறைச்சதும் ஒடம்பு சேத்து வெச்ச சர்க்கரையும், அதை ஒட்டிக்கிட்டிருந்த தண்ணியும் மொதல்ல வெளிய போயிரும், கொழுப்பு அதுக்கப்பறம் மெதுவாத்தான் கரையும். ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7,700 கலோரி, தெனம் 500 கலோரி குறைச்சாலும் வாரத்துக்கு அரை கிலோதான் கணக்கு வருது, அதுவும் பேப்பர்ல. எடை குறையக் குறைய ஒடம்பு செலவு பண்றதும் குறைஞ்சிரும், அதனால ரெண்டாவது மாசம் நின்ன மாதிரி தெரியறது உங்க தப்பில்ல. மொத மாசத்தை வெச்சு ரெண்டாவது மாசத்தை அளந்ததுதான் தப்பு.

இன்னொண்ணு, எடை மெசின் மேல தெனமும் ஏறாதீங்க. உப்பு தூக்கலா தின்னாலோ மாசவிலக்கு நெருங்குனாலோ ஒரு கிலோ ரெண்டு கிலோ அப்படி இப்படி ஆடும். வாரத்துல ஒரு நாள், புதன்கிழமைன்னு வெச்சுக்குங்க, வெறும் வயித்துல பாருங்க போதும். அதை விட, உங்க கையிலயே இஞ்ச் டேப் இருக்குதே! டி-சர்ட்டுக்கு செஸ்ட் அளவு பாக்கற அதே டேப்பை மாசம் ஒருக்கா உங்க இடுப்பைச் சுத்தி வெச்சு எழுதி வைங்க. நம்மூரு பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள, அதாவது முப்பத்தொண்ணரை இஞ்ச்க்குள்ள இருக்கறது நல்லதுங்கறாங்க. மெசின் அசையாத மாசத்துலயும் டேப் அசையறதுண்டு, என் விசயத்துல அப்படித்தான் ஆச்சு.

இப்ப அந்த சனிக்கிழமைக்கு வருவோம். செக்கிங்ல ஒரு பீஸ்ல எண்ணைக்கறை இருந்தா என்ன பண்ணுவீங்க? ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டர்ல, அதாவது சரி பண்ற பீஸுங்களோட, போட்டுட்டு அடுத்த பீஸை எடுப்பீங்க. கெட்டது கெட்டாச்சுன்னு மொத்த லாட்டையும் தூக்கி வேஸ்ட்ல போட்டா சூப்பர்வைசர் சும்மா விடுவாரா? ரெண்டு புரோட்டா ஒரு பீஸ்தான் அம்மிணி, ஞாயித்துக்கிழமை வெடியால அடுத்த பீஸ். திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு காத்திருக்கோணும்? 2010ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரங்க 96 பேரை வெச்சு பண்ணுன ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு, ஒரு பழக்கம் படியறதுக்கு சராசரியா 66 நாளாச்சாம், சிலருக்கு 18, சிலருக்கு 254 கூட. நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்கு பழக்கம் ஒண்ணும் கெட்டுப்போகல. 21 நாள்ல எல்லாம் மாறிரும்னு சொல்றவங்க பேச்சை நம்பி நம்மளை நாமே திட்டிக்கிட்டதுதான் மிச்சம்.

புரோட்டாவை நிறுத்தச் சொல்லமாட்டேன், நீங்க நிறுத்தவும் மாட்டீங்க. ஒண்ணோட நிறுத்தி, முட்டை ரெண்டு சேத்துக்குங்க. கம்பெனி டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா அதுலயே 40 கலோரி, நாளைக்கு மூணு டீன்னா 120, அதை அரை ஸ்பூனாக்குங்க. பஜ்ஜிக்கு பதிலா டப்பால பச்சைப்பயறு சுண்டல். மாசவிலக்கு தள்ளித் தள்ளி வருது, எப்பவும் அசதின்னா தைராய்டுக்கு ஒரு டிஎஸ்ஹெச் டெஸ்ட் எடுத்துப் பாத்துருங்க.

கொள்ளுப்பருப்பு தின்னா கொழுப்பு கரையுமுங்களா? எங்க ஆத்தா சத்தியம் பண்றாங்க.
– வாசகர், கோபி

"கொழுத்தவனுக்கு கொள்ளு"ன்னு பழமொழியே இருக்கறப்ப ஆத்தாவை எதுத்துப் பேச எனக்கு தைரியமில்லைங்க. 100 கிராம் கொள்ளுல 20 கிராமுக்கு மேல புரோட்டீன், நார்ச்சத்தும் உண்டு, தின்னா சீக்கிரம் பசிக்காது. ஆனா அது தானா போய் கொழுப்பை கரைக்காது. சுடுசோறு ரெண்டு வட்டல், மேல கடைஞ்ச கொள்ளு, அதுக்கு மேல நெய்னா கரையறது நெய் மட்டுந்தான்.

தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்தே போய்ட்டு வந்தேன், வந்து பாத்தா ஒரு கிலோ ஏறியிருக்குது. எப்படிங்க?
– வாசகர், காங்கேயம்

வழி நெடுக பந்தல் போட்டு புளிசோறு, கேசரி, மோருன்னு குடுத்ததையெல்லாம் வேண்டாம்னு சொன்னீங்களா? அதோட, பழக்கமில்லாம அவ்வளவு தூரம் நடந்தா காலு சதையெல்லாம் வீங்கி தண்ணி கோத்துக்கும், அதுவும் எடையில சேரும். வர்ற வாரம் திரும்ப ஏறிப் பாருங்க, முருகன் மேல பழி போடாதீங்க.